அழுத்தக் காற்று: தொழிற்சாலையில் யாரும் விலை கேட்காத சரக்கு

தொழிற்சாலையில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பற்றிப் பேச்சு எழுந்தால், அது கூரைமேல் சோலார் பலகை, கூடத்துக்குள் எல்இடி விளக்கு என்ற இரண்டு இடங்களில் போய் நின்றுவிடும். பின்கட்டில் ஓர் அறைக்குள் காற்றை அழுத்தித் தந்தபடி நாள் முழுவதும் இரைந்துகொண்டிருக்கும் கம்ப்ரசரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் தரை நனைகிறது, யாராவது ஓடிவந்து அடைக்கிறார்கள். எண்ணெய் ஒழுகினால் மேற்பார்வையாளர் சத்தம் போடுகிறார். காற்றுக் குழாய் சீறினால் மட்டும், பக்கத்தில் நிற்பவர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசப் பழகிக்கொள்கிறார்கள். கேட்டால், "காற்றுதானே சார்" என்ற பதில் வருகிறது.

காற்று இலவசம்தான். ஆனால் குழாயில் வருவது வெறும் காற்று இல்லை. மின்சாரம் செலவழித்துப் பிழிந்த காற்று. ஒரு தொழிற்சாலைக்குள் ஆற்றலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக உள்ள வழிகளிலேயே மிகவும் செலவு பிடிப்பவற்றில் இதுவும் ஒன்று. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள இயந்திரவியல் படித்திருக்கத் தேவையில்லை. எங்கே சேமிப்பு இருக்கிறது, எங்கே இல்லை என்பது, அந்த ஒரு காரணம் பிடிபட்டதும் தானாகவே தெரிந்துவிடும்.

இவ்வளவு செலவென்றால் ஏன் பயன்படுத்துகிறார்கள்?

நூற்பாலையில் நூலைக் கூம்புகளில் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரம், அறுந்த நூலின் இரு முனைகளையும் முடிச்சே இல்லாமல் இணைக்கிறது. இணைப்பது காற்றின் வீச்சு. ஏர்ஜெட் தறியில் ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடா கிடையாது; ஊடை நூலைப் பாவின் நடுவே வீசுவதும் காற்றுதான். வார்ப்படச் சாலையில் பிசிறு தேய்க்கும் கருவி, பணிமனையில் சக்கரத்தின் நட்டைக் கழற்றும் கருவி, பொட்டலம் கட்டும் இயந்திரத்தின் சின்னச் சின்ன சிலிண்டர்கள் என்று பட்டியல் நீளும்.

இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. காற்றுக் கருவிக்குள் மோட்டார் சுருள் இல்லை என்பதால் எடை குறைவு. சுமை தாங்காமல் அப்படியே நின்றுவிட்டாலும் எரிந்துபோகாது. ஈரத்தில் ஷாக் அடிக்காது, தீப்பொறிக்கு அஞ்ச வேண்டிய இடத்திலும் துணிந்து பயன்படுத்தலாம். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்க ஆல்ப்ஸ் மலைக்குள் மோன் செனி சுரங்கப்பாதையைக் குடைந்தபோது, 1861 முதல் காற்றால் இயங்கும் துளைக் கருவிகளை உள்ளே இறக்கினார்கள். நீராவி இயந்திரத்தை உள்ளே கொண்டுபோனால் புகையில் மூச்சுத் திணறியிருக்கும். காற்றுக் கருவியோ வேலையையும் செய்து, வெளியேறும் காற்றால் சுரங்கத்துக்குள் மூச்சுவிடவும் உதவியது. பாதை 1871-இல் திறக்கப்பட்டது.

ஆகவே அழுத்தக் காற்றையே பழிப்பதற்கு இல்லை. அதன் விலை தெரியாமல் பயன்படுத்துவதுதான் சிக்கல்.

சைக்கிள் பம்பு சொல்லும் கணக்கு

சைக்கிளுக்குக் கைப்பம்பால் காற்றடித்தவர்களுக்கு, பம்பின் அடிப்பகுதி சுடுவது தெரியும். உராய்வினால்தான் சூடு என்று பலர் நினைக்கிறார்கள். உராய்வின் பங்கு சிறியது. பிஸ்டன் உள்ளே வரும்போது எதிரே ஓடிவரும் காற்று மூலக்கூறுகள் அதன்மேல் மோதி, வந்ததைவிட அதிக வேகத்தில் திரும்புகின்றன. மூலக்கூறுகளின் வேகம் கூடுவதைத்தான் நாம் வெப்பம் என்கிறோம். கையால் கொடுத்த உழைப்பு காற்றுக்குள் வெப்பமாக இறங்குகிறது. அது பம்பின் உலோகத்துக்குப் பரவி, வெளியே போய்விடுகிறது.

தொழிற்சாலைக் கம்ப்ரசரில் நடப்பதும் இதேதான், அளவுதான் வேறு. நம் ஊர்ப் பட்டறைகளில் "ஏழு கிலோ காற்று" என்பார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏழு கிலோ எடை அழுத்துவதற்குச் சமம் என்று பொருள். புத்தகங்களில் இதை 7 பார் என்று எழுதுவார்கள். பார் என்பது அழுத்தத்தின் அலகு. நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலம் ஏறக்குறைய 1 பார். அழுத்தமானி வளிமண்டலத்துக்கு மேலே உள்ளதை மட்டும் காட்டுவதால், மானியில் 7 என்றால் உண்மையில் 8 பார். அதாவது வெளிக்காற்றின் எட்டு மடங்கு. 30 டிகிரியில் இருக்கும் காற்றைக் குளிரவிடாமல் எட்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், கணக்குப்படி அதன் வெப்பநிலை 270 டிகிரியைத் தாண்டும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாமலே எரிபொருள் தீப்பற்றுவது இதே காரணத்தால்தான். கம்ப்ரசரில் அவ்வளவு சூடு ஏறவிட்டால் இயந்திரம் தாங்காது. அதனால் எண்ணெயாலும் விசிறியாலும் நீராலும் குளிரவைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்போதுதான் நம்பக் கடினமான இடம் வருகிறது. கம்ப்ரசர் இழுத்த மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இப்படி வெப்பமாக வெளியேறிவிடுகிறது. தொட்டிக்குள் குளிர்ந்து நிற்கும் காற்றின் மூலக்கூறுகள், வெளியே வாசலில் வீசும் காற்றின் மூலக்கூறுகள் போகும் அதே வேகத்தில்தான் போகின்றன. ஒரு மூலக்கூறுக்கு இவ்வளவு ஆற்றல் என்று பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை.

அப்படியானால் தொட்டிக்குள் என்னதான் சேமித்தோம்? விரியும் வாய்ப்பைச் சேமித்தோம். நெருக்கமாக அடைபட்ட காற்று, வழி கிடைத்ததும் விரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். தள்ளும் வேலைக்கான ஆற்றலைத் தன் சொந்த வெப்பத்திலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். காற்றுக் கருவியின் வெளியேற்றுத் துளையருகே கை வைத்தால் சில்லென்று இருப்பது இதனால்தான். பம்பு சுட்டதன் மறுபக்கம் இது.

விரியும்போது அந்த வாய்ப்பு முழுவதும் பயனாவதில்லை. குழாயில் கொஞ்சம், வடிகட்டியில் கொஞ்சம், கசிவில் நிறைய, கருவிக்குள் இன்னும் நிறைய என்று போனபின், கம்ப்ரசருக்குக் கொடுத்த 100 யூனிட்டில் கருவி முனையில் உருப்படியான வேலையாவது 10 முதல் 15 யூனிட்தான். அதே வேலையை ஒரு மின்மோட்டார் நேரடியாகச் செய்தால் 80-க்கு மேல் கிடைக்கும்.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: அழுத்தும்போதே மின்சாரம் வெப்பமாகப் போய்விடுகிறது, மீதமிருப்பது விரியும் திறன் மட்டும். அதனால் முனையில் ஒரு யூனிட் வேலைக்கான காற்றை மிச்சப்படுத்தினால், மின்மானியில் ஏழு முதல் பத்து யூனிட் மிச்சமாகிறது.

ரூபாயில் பார்த்தால்

நல்ல நிலையில் உள்ள ஒரு ஸ்குரூ கம்ப்ரசர் (சுழலும் திருகுகளால் காற்றை அழுத்தும் வகை), ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் 9 கன மீட்டர் காற்றை ஏழு கிலோவுக்கு அழுத்தித் தரும். ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் லிட்டருக்குத் தொண்ணூறு பைசா. மலிவாகத் தோன்றும். ஆனால் 50 குதிரைத்திறன் கம்ப்ரசர் ஒன்று மணிக்குச் சுமார் 40 யூனிட் இழுக்கிறது. ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 2,40,000 யூனிட், ஏறக்குறைய 19 லட்சம் ரூபாய். ஒரே ஆண்டின் மின்கட்டணம் கம்ப்ரசரை வாங்கிய விலையைத் தாண்டிவிடுவது சாதாரணம். ஆனாலும் வாங்கும்போது விலையில் ஐயாயிரம் குறைக்க ஒரு வாரம் பேரம் பேசுகிறவர்கள், வாங்கியபின் அது என்ன இழுக்கிறது என்று தனி மீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை.

கசிவு எங்கே, எவ்வளவு?

7 பார் குழாயில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால், அதற்குக் காற்று ஊட்ட மட்டும் கம்ப்ரசர் சுமார் 3 கிலோவாட் செலவிடுகிறது. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் ஆண்டுக்கு 8,000 மணி நேரம் என்றால் 24,000 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் கணக்கிலேயே இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. துளையின் விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும், இழப்பும் நான்கு மடங்காகும். இத்தனைக்கும் ஒரே இடத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை யார் கண்ணிலாவது பட்டுவிடும். உண்மையில் இருப்பவை நூறு சிறு கசிவுகள்: தளர்ந்த கிளாம்பு, வெடித்த பாலியூரிதீன் குழாய், தேய்ந்த விரைவு இணைப்பு, இயந்திரத்தை நிறுத்தியபிறகும் மூடாத வால்வு. பராமரிப்புக் குறைந்த ஆலைகளில் உற்பத்தியாகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படியே போகிறது.

எல்லாக் கசிவும் பழுதினால் வருவதும் அல்ல. ஈரக் காற்றை எட்டு மடங்கு நெருக்கிப் பிறகு குளிர்வித்தால், அதிலிருந்த நீராவி தண்ணீராகப் பிரியும். கடலோர ஊரில் மழைக்காலத்தில், நிமிடத்துக்கு 200 கன அடி காற்று தரும் கம்ப்ரசர் மணிக்கு ஆறு லிட்டர் அளவுக்குத் தண்ணீரைக் கக்கும். அதை அவ்வப்போது வடிக்க வேண்டும். வடிக்க மறந்தால் தண்ணீர் இயந்திரத்துக்குள் போய்விடும் என்ற பயத்தில், வடிகால் வால்வை லேசாகத் திறந்தே வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் சில நொடிகளில் வடிந்துவிடும். மிச்ச நேரம் முழுவதும் காற்று போய்க்கொண்டிருக்கும். வைத்தவர் பொறுப்பானவர்தான், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் சேர்ந்தால் மட்டும் திறக்கும் மிதவை வால்வு ஒன்று போட்டால் பிரச்சினை தீர்ந்தது.

மொத்தக் கசிவை அளக்க ஒரு கைக்கடிகாரம் போதும். வாராந்திர விடுமுறை நாளில், காற்றைப் பயன்படுத்தும் இயந்திரங்கள் எல்லாம் நின்றிருக்கும்போது, குழாய் வால்வுகளைத் திறந்தபடியே விட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தாததால், தொட்டி நிரம்பியதும் அது நிரந்தரமாக ஓய்வுக்குப் போய்விட வேண்டும். போகாது. கசிவினால் அழுத்தம் இறங்கும், மறுபடியும் அழுத்தத் தொடங்கும். அழுத்தும் நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் ஐந்தாறு சுற்றுகளுக்குக் குறித்துச் சராசரி எடுங்கள். அழுத்தும் நேரத்தை இரண்டின் கூட்டலால் வகுத்தால் கசிவின் விகிதம் கிடைக்கும். இரண்டு நிமிடம் அழுத்தி மூன்று நிமிடம் ஓய்கிறது என்றால், ஐந்தில் இரண்டு, அதாவது கம்ப்ரசரின் திறனில் 40 சதவீதம் கசிவுக்கே போகிறது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல பராமரிப்பு.

2001-ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ், அரசு அறிவிக்கும் பெரிய நுகர்வோர் முறைப்படி எரிசக்தித் தணிக்கை செய்தாக வேண்டும். சின்னப் பட்டறைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் மேலே சொன்ன சோதனைக்குத் தணிக்கையாளர் தேவையில்லை. கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சோப்பு நுரை போதும். பெரிய ஆலைகளில், காதுக்கு எட்டாத சீறலைக் கேட்கும் மீயொலிக் கருவியை வைத்துத் தேடுகிறார்கள்.

"பிரஷரைக் கொஞ்சம் ஏற்றிவிடு"

கடைசி வரிசை இயந்திரத்துக்குக் காற்று போதவில்லை என்று ஷிப்டில் புகார் வருகிறது. ஃபிட்டர் கம்ப்ரசர் அறைக்குப் போய் ஏழை எட்டாக்குகிறார். புகார் நின்றுவிடுகிறது. எட்டு அப்படியே நிலைத்துவிடுகிறது. திருப்பி இறக்க யாருக்கும் தைரியம் வராது.

இதன் விலை இரண்டு விதமாக விழுகிறது. ஒவ்வொரு கன மீட்டரையும் இன்னும் ஒரு பார் கூடுதலாக அழுத்த, மின்சாரம் 6 முதல் 7 சதவீதம் அதிகம் தேவை. அதோடு, துளை வழியே போகும் காற்று, குழாயின் உண்மையான அழுத்தத்துக்கு ஏற்பக் கூடும். மானியில் 7 என்பது 8. மானியில் 8 என்பது 9. ஆகவே எல்லாக் கசிவுகளும், அழுத்தச் சீராக்கி இல்லாத எல்லா ஏர் கன்களும் (காற்றை ஊதிச் சுத்தம் செய்யும் கைக்கருவிகள்) முன்பைவிட எட்டில் ஒரு பங்கு அதிகமாகக் காற்றைக் குடிக்கின்றன. யாரும் கேட்காமலே பெருகும் இந்தத் தேவையைச் செயற்கைத் தேவை என்பார்கள். காற்றுப் பற்றாக்குறையைத் தீர்க்க அழுத்தத்தை ஏற்றி, அதனாலேயே பற்றாக்குறை வளர்ந்து, கடைசியில் இன்னொரு கம்ப்ரசர் வாங்குவதில் போய் முடிகிறது. இப்படி வாங்கிய கம்ப்ரசர்கள் பல ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று தயங்காமல் சொல்லலாம்.

கடைசி இயந்திரத்துக்குக் காற்று போதாததன் காரணம் பெரும்பாலும் நடுவழியில் இருக்கிறது. பத்து இயந்திரத்துக்குப் போட்ட குழாயில் இருபத்தைந்து இயந்திரம் தொங்குகிறது, அல்லது வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. கம்ப்ரசர் வாயிலில் ஒன்று, கடைசி இயந்திரத்தருகே ஒன்று என்று இரண்டு மானி வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பார் காணாமல் போனால், பழுது குழாயில். குழாயின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கினால் காற்று இரண்டு பக்கமிருந்தும் வரும். செலவு ஒரே தடவைதான்.

கசிவை அடைத்தும் பில் ஏன் குறையவில்லை?

ஒரு நாள் முழுவதும் மெனக்கெட்டுக் கசிவுகளை அடைத்தவர்கள், மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து ஏமாந்துபோவது உண்டு. சொன்ன கணக்கெல்லாம் பொய்யா? இல்லை. கம்ப்ரசரின் ஓய்வு முழு ஓய்வு இல்லை.

சாதாரண ஸ்குரூ கம்ப்ரசருக்கு இரண்டு நிலைகள். லோடு நிலையில் காற்றை உள்ளிழுத்து அழுத்துகிறது. அன்லோடு நிலையில் உள்வாய் மூடிக்கொள்கிறது, ஆனால் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு லிட்டர் காற்றுகூடத் தராத அந்த நிலையிலும், முழுச் சுமையில் இழுப்பதில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மின்சாரம் போகிறது. லோடில் 40, அன்லோடில் 12 கிலோவாட் இழுக்கும் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேரத்தில் 80 சதவீதம் லோடில் இருந்தால் சராசரி 34.4 கிலோவாட். கசிவை அடைத்து 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 28.8. மிச்சம் 5.6, எதிர்பார்த்ததோ 40-இல் 20 சதவீதமான 8.

இரண்டு மூன்று கம்ப்ரசர்கள் சேர்ந்து ஓடும் இடத்தில் இது இன்னும் முக்கியம். எல்லாமே பாதிச் சுமையில் ஓடுவதைவிட, ஒன்றை முழுதாக அணைத்துவிட்டு மற்றவற்றை நிறைவாக ஓடவிடுவது மேல். கசிவை அடைத்ததன் முழுப் பலன், ஒரு கம்ப்ரசரின் சுவிட்சை அணைக்கும்போதுதான் கைக்கு வரும்.

விஎஃப்டி என்ற கருவி இங்கேதான் பொருந்துகிறது. மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் மின்னணுக் கருவி அது. ஓய்வு நிலையில் வீணாவதைப் பெருமளவு தவிர்க்கும். ஆனால் நாள் முழுவதும் முழுச் சுமையில் ஓடும் கம்ப்ரசருக்கு அதை மாட்டினால் ஒன்றும் மிஞ்சாது. கருவியே தன் பங்குக்குச் சில சதவீதத்தைத் தின்றுவிடும். தேவை ஏறி இறங்கும் ஆலையில், ஏறி இறங்கும் பங்கைச் சுமக்கும் ஒரு கம்ப்ரசருக்கு மட்டும் அது போதும். விற்க வருபவர் இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். கசிவை அடைக்காமல் விஎஃப்டி மாட்டினால், கசிவுக்குக் காற்று ஊட்டும் வேலையை அது இன்னும் நேர்த்தியாகச் செய்யும், அவ்வளவுதான்.

சுருக்கமாக: முதலில் கசிவு, பிறகு அழுத்தம், பிறகு எத்தனை இயந்திரம் ஓட வேண்டும் என்ற கேள்வி. கருவி வாங்குவது அதற்கும் பிறகு.

அழுத்தக் காற்றே தேவையா?

மின்முலாம் பூசும் பட்டறையில் தொட்டிக் கரைசலைக் கலக்கக் காற்றுக் குமிழிகளை விடுகிறார்கள். தொட்டியின் ஆழம் ஒரு மீட்டர். அந்த ஆழத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழி வெளிவர 0.1 பார் போதும். ஆனால் பக்கத்தில் ஏழு கிலோ குழாய் இருக்கிறதே என்று, அதிலிருந்தே ஒரு வால்வு வைத்துக் குறைத்து எடுத்துவிடுகிறார்கள். எட்டு மடங்கு அழுத்துவதற்கான காசைக் கொடுத்துவிட்டு, ஏறக்குறைய அத்தனையையும் வால்வில் கொட்டுகிறார்கள். சாயக் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிகளைக் கவனியுங்கள். நான்கு மீட்டர் ஆழத்துக்கு 0.4 பார் தேவை, அங்கே குறைந்த அழுத்தத்தில் காற்றை ஊதும் புளோயர்தான் ஓடுகிறது. ஒரு கன மீட்டரை 0.4 பாருக்கு அழுத்தும் வேலை, 7 பாருக்கு அழுத்துவதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. கலக்குவது, உலர்த்துவது, ஊதித் தள்ளுவது எல்லாம் புளோயர் செய்யும் வேலைகள்.

ஏர் கன்னைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். 6 மில்லிமீட்டர் குழாயை வெட்டி, முனையே இல்லாமல் ஊதினால், ஊதும் நேரமெல்லாம் 12 கிலோவாட். முனையில் நல்ல நாசில் ஒன்று போட்டால், அது சுற்றியிருக்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஊதும். குழாய்க் காற்றின் தேவை பெருமளவு குறையும். நூற்பாலையில் பஞ்சுத் துகளை ஊதுவதால் இன்னொரு கெடுதலும் உண்டு: இந்த இயந்திரத்திலிருந்து கிளம்பிய பஞ்சு அடுத்த இயந்திரத்து நூலில் போய் ஒட்டும். உறிஞ்சி எடுப்பதே சரி. வேலை முடிந்து சட்டையில் ஒட்டியதை ஏர் கன்னால் ஊதிக்கொள்ளும் பழக்கமோ அபாயகரமானது. அழுத்தக் காற்று காயத்தின் வழியே உடலுக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம், கண்ணையும் காதையும் கெடுக்கலாம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு விதி, சுத்தம் செய்யும் காற்றை 30 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 2 பாருக்குள் வைக்கச் சொல்கிறது. நம் ஏர் கன்களில் வருவது ஏழு.

வெளியே போகும் வெப்பம்

மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது என்றால், அந்த வெப்பத்தையாவது பிடிக்கலாமே? பிடிக்கலாம். ஸ்குரூ கம்ப்ரசரின் எண்ணெய் 80 முதல் 90 டிகிரியில் சுற்றுகிறது. அதிலிருந்து ஒரு வெப்பமாற்றி வழியாக 60, 70 டிகிரி வெந்நீர் எடுக்கலாம். சாயப்பட்டறை, பால் பண்ணை, பாய்லருக்கு நீர் ஊட்டும் இடம் ஆகியவற்றுக்கு இது நல்ல வரவு. வெந்நீர் தேவைப்படாத ஆலைக்கு இதனால் பயன் குறைவு. குளிர்நாடுகளில் போல அறையைச் சூடாக்கும் தேவையும் நமக்கு இல்லை.

நமக்கு எதிர்ச் சிக்கல்தான் அதிகம். சன்னல் இல்லாத கம்ப்ரசர் அறையில், குளிர்விசிறி வெளியே தள்ளும் சூடான காற்று திரும்பவும் அதே கம்ப்ரசரின் உள்வாய்க்கே போகிறது. உள்ளே போகும் காற்று 4 டிகிரி கூடினால் மின்சாரம் சுமார் 1 சதவீதம் கூடும். வெளியே 33 டிகிரியும் அறைக்குள் 45 டிகிரியும் இருந்தால் 3 சதவீதம். முன்பு பார்த்த 50 குதிரைத்திறன் இயந்திரத்தின் கணக்கில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். சூட்டை வெளியே கொண்டுபோக ஒரு தகரக் குழாயும், நிழல் விழும் பக்கத்துச் சுவரில் காற்று வர ஒரு திறப்பும் வைத்தால் அந்தப் பணம் மிச்சமாகும்.